சந்தேகத்தோடு ஜெபித்தால் ஆண்டவர் கேட்பாரா?

கேள்வி:
அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. ராத்திரி அவர்கள் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். "சுகம் தாரும்" என்று சொல்லும்போதே, நடக்குமா என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. ஜெபக்கூட்டத்தில் ஒருவர் யாக்கோபு 1:6-ஐக் காட்டி, சந்தேகப்பட்டால் ஒன்றும் கிடைக்காது என்றார். அதிலிருந்து ஜெபிக்கவே பயமாக இருக்கிறது.

பதில்:
தங்கச்சி, பயப்படாதே. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படி. யாக்கோபு அங்கே பேசுவது ஞானத்தைக் கேட்பதைப் பற்றி. அப்புறம் மாற்கு 9-ஐ எடு. மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான். இயேசு அவனைக் கடிந்து அனுப்பவில்லை, பையனைச் சுகமாக்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அப்போஸ்தலர் 12. பேதுரு சிறையில் இருக்கிறார், சபை ஊக்கமாக ஜெபிக்கிறது. தேவதூதன் விடுவிக்க, அவரே அவர்கள் ஜெபிக்கிற வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். கதவண்டை வந்த ரோதை என்ற பெண் ஓடிப்போய்ச் சொன்னால், ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள்! ஆனாலும் பேதுரு வாசலில்தான் நின்றார்.

பதில்:
அண்ணன் சொன்னது சரி. பவுலும் தன் மாம்சத்தில் இருந்த 'முள்', அதாவது தன்னை வாட்டிய ஒரு வேதனை, நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்?

பதில்:
வார்த்தை வராத ராத்திரிகளில் சங்கீதம் 13-ஐ வாய்விட்டு வாசியுங்கள் அக்கா. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் அது தொடங்குகிறது. விசுவாசத்தின் பேரில் டயாலிசிஸை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.