பெப்ரவரியில் பிளிமத்திலிருந்து பொல்லாக் பிடிக்கச் செல்கிறோம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

கேள்வி

வணக்கம். வரும் பெப்ரவரியில் நாங்கள் எட்டுப் பேர், இங்கிலாந்தின் பிளிமத் துறையிலிருந்து புறப்படும் வாடகைப் படகொன்றில், ஆங்கிலக் கால்வாயில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களின் மேல் தூண்டில் போடச் செல்லவிருக்கிறோம். கோடையில் கரையில் நின்று கானாங்கெளுத்தி பிடித்ததைத் தவிர எனக்கு வேறு பழக்கமில்லை. ஆழம் 60 மீட்டருக்கு மேல் இருக்கும் என்றும், குளிர்காலத்தில் பொல்லாக் என்னும் பெரிய கடல் மீன்கள் அங்கே கூடும் என்றும் படகுக்காரர் சொன்னார். எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது, தூண்டிலை எப்படி இயக்குவது, தேவைக்கு மேல் அகப்பட்டால் திரும்ப விட்டுவிடலாமா என்பவற்றைச் சொல்லி உதவுங்கள்.

மறுமொழி 1

நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் பிறையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கால்வாயின் நீரோட்டம் மிகக் கடுமையாக இருக்கும். அட்டமி கழிந்த ஓரிரு நாள்களில் அது மெலிந்துவிடும் என்பதால், படகு கப்பலின் மேல் நிதானமாக மிதந்து செல்லும், தூண்டிலின் ஈய எடையும் நேராக இறங்கும். இருப்பினும் காற்றுதான் கடைசி முடிவைச் சொல்லும். குளிர்காலத்தில் புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில் பயணம் ரத்தாவது வழக்கமே, அதற்காகப் படகுக்காரரை வற்புறுத்தாதீர்கள்.

இனித் தூண்டில். மெல்லிய பின்னல் நரம்பு (தூண்டில் கயிறு), அதில் வளைந்த குழாய்க் கம்பி ஒன்று, அதன் முனையில் 2 முதல் 3 மீட்டர் நீளமுள்ள தங்கூசி (நைலான் இழை), நுனியில் மணல்விலாங்கு மீன் வடிவில் வால் துடிக்கும் ரப்பர் போலி இரை ஆகியவை போதும். இறக்கும்போது சுருளைப் பெருவிரலால் அழுத்தி மெதுவாக விடுங்கள், அவசரப்பட்டால் தங்கூசி பிரதான நரம்பைச் சுற்றிக்கொள்ளும். ஈயம் தரையில் தட்டியதும் உடனே இரண்டு சுற்று தூக்கிவிட வேண்டும், இல்லையேல் அது துருப்பிடித்த இரும்பில் சிக்கிவிடும். பிறகு ஒரே வேகத்தில் எண்ணிக்கொண்டே சுற்றுங்கள். 20, 30 சுற்றுகள் வந்ததும் மறுபடி இறக்குங்கள்.

பொல்லாக் பின்தொடர்ந்து வந்து முதலில் வாலை மட்டும் கடித்து இழுக்கும். நரம்பில் சிறு துடிப்புகள் தெரியும். அந்நேரத்தில் கோலை வெடுக்கென்று தூக்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரும்பிழை. சுற்றும் வேகத்தை மாற்றாமலே இருங்கள். மீன் இரையைக் கவ்வித் திரும்பி, கப்பலை நோக்கித் தலைகீழாகப் பாயும்போது கோல் தானாகவே வளையும். அந்த முதற்பாய்ச்சலில் நரம்பு சற்றே இறங்கும்படி சுருளின் பிடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்திருந்தால், மீன் உங்களுடையது.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். ஈயம் சிக்கிக்கொண்டால் பின்னல் நரம்பை வெறுங்கையில் சுற்றி இழுக்கவே கூடாது. அது விரலைக் கத்திபோல் அறுத்துவிடும். ஈயத்தைப் பிரதான நரம்பைவிட வலுக்குறைந்த தனித் தங்கூசியில் கட்டினால் அது மட்டும் அறுந்துபோகும். கடற்சுகவீனத்துக்கான மாத்திரையை முதல் நாளிரவே எடுத்துக்கொள்ளுங்கள், குமட்டல் தொடங்கிய பின் விழுங்குவதால் பயனில்லை.

மறுமொழி 3

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, என் பார்வையில் முதன்மையானது அதுதான்.

60 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் 7 மடங்கு. மீன் மேலே வரவர அதன் காற்றுப்பை உப்பும். பொல்லாக்கின் காற்றுப்பைக்கு வாய்வழித் திறப்பு இல்லாததால், காற்றை விரைந்து வெளியேற்ற அதனால் இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்ற ஒரு படகில், எண்ணிக்கைக்காகவே பிடித்துக்கொண்டிருந்த சிலர், வேண்டாத மீன்களைத் திரும்பக் கடலில் விட்டனர். அவை வயிறு மேலே தெரிய, கண்கள் பிதுங்க, படகின் பின்னால் வரிசையாக மிதந்தன. கடற்காகங்கள் அவற்றின் மேல் இறங்கிக்கொண்டிருந்தன. அந்தக் காட்சி இன்றும் என்னை வருத்துகிறது.

மேலும், ஆண்டின் முதல் மாதங்களில் அவை இந்தக் கப்பல்களில் கூடுவது முட்டையிடுவதற்காகவே. இம்மீனின் இருப்பு மிகவும் சரிந்துவிட்டதால், 2024ஆம் ஆண்டில் கால்வாய் உள்ளிட்ட பகுதியில் பொல்லாக்கையே பிடிக்கக்கூடாது என்று பன்னாட்டுக் கடலாய்வு மன்றம் பரிந்துரைத்தது. தொழில்முறை மீனவர்களுக்கும் பிற மீன்களோடு தற்செயலாக அகப்படும் சிறு அளவு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. தூண்டில்காரர்களுக்கான விதிகளும் மாறிவருகின்றன, எனவே புறப்படும் முன் நடப்பு விதியைப் படகுக்காரரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

எனவே இந்த ஆழத்தில் 'பிடித்து விடுதல்' என்ற வழியை நம்ப வேண்டாம். ஆளுக்கு உண்ணக்கூடிய இரண்டு மீன் என்று புறப்படும் முன்பே எட்டுப் பேரும் பேசி முடிவெடுங்கள், அந்த எண்ணிக்கை வந்ததும் அந்தக் கப்பலை விட்டு நகரச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மீன் திரும்ப நீந்திப் போய்விடும் என்றே இதுவரை நினைத்திருந்தேன். நண்பர்களிடம் பேசிவிட்டேன். ஆளுக்கு இரண்டு என்று முடிவாயிற்று. அதன்பின் கரைக்கு அண்மையில் ஆழம் குறைந்த மணற்பரப்பில் விட்டிங் என்னும் வேறு மீனைப் பிடிக்க அழைத்துச் செல்ல இயலுமா என்று படகுக்காரரிடம் கேட்டோம். காற்று இடம் கொடுத்தால் செய்யலாம் என்றார்.