புதுப்பிப்பு: அப்பாவோடு சேப்பாக்கம் போய் வந்தாச்சு

மூட்டுவலிக்கார அப்பாவை சேப்பாக்கத்துக்கு ஐபிஎல் மேட்ச் பார்க்கக் கூட்டிப் போக காரா, மெட்ரோவா, பறக்கும் ரயிலா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மெட்ரோவில்தான் போனோம். அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் லிஃப்ட் இருப்பதால் அப்பாவுக்குப் படி ஏறும் வேலை இல்லை. அங்கிருந்து வாலாஜா சாலையில் நேராக நடை. வழியெல்லாம் மஞ்சள் ஜெர்சி, கன்னத்தில் வர்ணம் பூசுகிறவர்கள். "எனக்கும் ஒரு விசில் வாங்குடா" என்றார் அப்பா. மேட்ச் முழுக்க அதை ஊதியே என் காதைக் கிழித்தார்.

டிக்கெட்டில் கேட் எந்தத் தெருப் பக்கம் என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வாலாஜா சாலைப் பக்கம் இறங்கியபின் விக்டோரியா ஹாஸ்டல் ரோடு என்று தெரிந்தால் மைதானத்தையே சுற்ற வேண்டும். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் உள்ளே விடமாட்டார்கள். சீட் கேலரியின் உச்சியில் கிடைத்தால் படிகள் செங்குத்து. முதியவர்களுக்குக் கீழ் வரிசையே நல்லது, கொஞ்சம் விலை கூடினாலும்.

ஏழரை மணி மேட்ச் என்பதால் வெயில் இல்லை, புழுக்கம் மட்டும். முடிந்ததும் கூட்டம் கரையும்வரை சீட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு மெதுவாகக் கிளம்பினோம். கடைசி மெட்ரோ நேரத்தை மட்டும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.