பெரிய வீடு குரூப்புல அம்பாசிடர் பஞ்சாயத்து

கார்த்தி: எல்லாருக்கும் ஒரு விஷயம், தாத்தா வண்டிக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் வந்துருச்சு. பிளக்குல பொறி வர்றதுக்கு கரண்ட விட்டு விட்டு வெட்டுற பாயிண்ட், அதோட இருக்க கண்டென்சர் ரெண்டையும் தூக்கிட்டு இதை மாட்டிட்டா இனிமே வழில நிக்காது. சாயங்காலம் மாட்டப்போறேன்

திருமங்கலம் அத்தை: எவ்வளவுடா

கார்த்தி: அப்புறம் சொல்றேன் அத்தை

திருமங்கலம் அத்தை: அப்ப நிறையத்தான். குலசாமி கும்பிடப் போறப்ப ஆண்டிபட்டி கணவாய்ல உச்சி வெயில்ல பொங்கப் பானையோட எங்கள எறக்கி விட்டுச்சே அந்த வண்டிக்கா? பேசாம வித்துட்டு சோலியப் பாருங்க

அப்பா: விக்கிற பேச்சே வேணாம். 64 மாடல் மார்க் 2, எங்கய்யா ஓட்டுன வண்டி. இந்த வண்டி செஞ்ச உத்தர்பாரா கம்பெனிலயே 2014ல நிப்பாட்டிட்டாய்ங்க, இனி எங்க போய் வாங்குறது

புதூர் மாமா: மாப்ள பொறு, மாட்டாத. எதனால நின்னுச்சுன்னு மொதல்ல பாத்தியா? மேடு ஏறுறப்ப நின்னுச்சு, கொஞ்ச நேரம் ஆறவிட்டதும் கிளம்புச்சு. கண்டென்சர் சூடேறி கரண்டக் கசியவிட்டாலும் இப்படித்தான் நிக்கும், பெட்ரோல் பம்ப்புல ஆவி அடைச்சாலும் இப்படித்தான் நிக்கும். பெட்ரோல் கோளாறா இருந்தா நீ எத்தன ஆயிரத்துக்கு கிட் மாட்டுனாலும் அதே கணவாய்ல அதே எடத்துல நிக்கும்

மதினி: பம்ப்பு மேல ஈரத்துணி போட்டப்பறம்தானண்ணே கிளம்புச்சு

புதூர் மாமா: துணி போட்ட நேரத்துல கண்டென்சரும் சேந்துதானம்மா ஆறிருக்கும், அத வச்சு ஒன்னும் சொல்ல முடியாது

புதூர் மாமா: அடுத்த தடவ நின்னா நின்ன எடத்துலயே பாக்கணும். வோல்ட்ட ஏத்துற காயில்லருந்து, பிளக்குகளுக்குப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வர்ற நடு ஒயர உருவி, ரப்பர் பிடி போட்ட கொறடால பிடிச்சு, முனைய எஞ்சின் பிளாக்குக்கு கால் இஞ்ச் தள்ளி வச்சுக்கிட்டு ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லு. பொறி நீலமா டப்பு டப்புன்னு விழுந்தா கரண்ட்ல கோளாறு இல்ல, பெட்ரோலப் பாரு. மஞ்சளா சோந்து போய் வந்தாலோ வரவே இல்லேன்னாலோ கண்டென்சர், காயில். பெட்ரோல் ஒழுகுற எடத்துல இத பண்ணாத. கிட் மாட்டுனதுக்கு அப்புறமும் ஒயர இப்படித் தொங்கவிட்டு அடிச்சுப் பாக்காத, கிட்டோட மாடியூல் போயிரும்

பெரியப்பா: இனிய காலை வணக்கம். வாழ்க வளமுடன்.

கார்த்தி: மூடியக் கழட்டிட்டேன் மாமா, பாயிண்ட் போட்டோ போட்ருக்கேன் பாருங்க

புதூர் மாமா: ஒரு பக்கம் குழி விழுந்துருக்கு, எதுத்தாப்புல குன்னு மாதிரி ஏறி நிக்குது பாரு. ஒரு பக்கத்து உலோகம் மறுபக்கம் ஒட்டிருக்கு. கண்டென்சர் சரியில்லேன்னா இப்படித்தான் வரும். எனக்கு அதுமேலதான் சந்தேகம்

சென்னை சித்தப்பா: அப்ப கிட்டே வேணாங்குறீங்களா? இங்க பழைய வண்டி வச்சிருக்கவங்க பாதி பேரு மாத்திட்டாங்களே

புதூர் மாமா: வேணாம்னு யாரு சொன்னா, நல்ல சாமான்தான். பாயிண்டுக்கு கேப் 15 தவ் வைக்கணும், அதாவது 0.38 மில்லிமீட்டர். ஓட ஓட பாயிண்ட்ல ஒரசுற குதிங்கால் தேயும், கேப் கொறையும், கேப் கொறைஞ்சா பொறி விழுகுற டைமிங் பின்னாடி போயிரும், வண்டி இழுக்காது, சூடாகும். டிஸ்ட்ரிபியூட்டர் சாஃப்ட்டு புஷ் தேஞ்சு ஆடுச்சுன்னா கேப்பு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு மாதிரி வரும். கிட்ல காந்த வளையம் சுத்தும், சென்சார் தொடாமலே பாத்துக்கும், தேய்றதுக்கு அங்க ஒன்னும் இல்ல. ஆனா உள்ள வேகத்துக்கு ஏத்தபடி டைமிங்க முன்னாடி தள்ளுற அட்வான்ஸ் வெயிட்டு துருப்பிடிச்சு இறுகிருந்தாலும் வேக்குவம் டயாஃப்ரம் கிழிஞ்சிருந்தாலும் கிட் அதச் சரி பண்ணாது

புதூர் மாமா: கார்பரேட்டர்லருந்து வர்ற வேக்குவம் டியூப கழட்டி வாயில வச்சு உறிஞ்சு, பாயிண்ட் இருக்க பிளேட் லேசா திரும்பணும். நாக்க வச்சு அடைச்சா அப்படியே நிக்கணும், தானா திரும்பி வந்தா டயாஃப்ரம் ஓட்டை

திருமங்கலம் அத்தை: டேய் பெட்ரோல கிட்ரோல குடிச்சுராத

கார்த்தி: திரும்புது மாமா, நிக்கவும் செய்யுது

புதூர் மாமா: நல்லது. இப்ப பேட்டரிய ஒரு போட்டோ எடு. எந்த ஒயர் பாடிக்குப் போகுதுன்னு தெரியணும்

கார்த்தி: பிளஸ் ஒயர்தான் பாடில போல்ட் போட்ருக்கு

புதூர் மாமா: நெனச்சேன். பழைய லூகாஸ் டைனமோ, பாசிட்டிவ் எர்த். உன் கிட் அட்டைல என்ன போட்ருக்கு

கார்த்தி: நெகட்டிவ் எர்த் ஒன்லி

புதூர் மாமா: மாட்டி சாவியத் திருப்பிருந்தேன்னா அங்கனயே புகை வந்துருக்கும்

சென்னை சித்தப்பா: பேட்டரி ஒயர மாத்திப் போட்டு நெகட்டிவ் எர்த்தா ஆக்கிட்டா என்ன?

புதூர் மாமா: ஆக்கலாம். ஆனா ஒயர மட்டும் மாத்துனா பத்தாது, டைனமோவுக்கு புது துருவம் ஏத்தணும், அதுக்கு ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு டைனமோல எஃப்னு போட்ட முனைல பேட்டரி பிளஸ்லருந்து ஒயர எடுத்து ரெண்டு மூணு தட்டு தட்டணும். காயில் ஒயர் ரெண்டையும் இடம் மாத்தணும், ஆம்பியர் மீட்டர் தலைகீழா காட்டும் அதையும் மாத்தணும், தாத்தா மாட்டுன அந்தக்கால ரேடியோ அப்புறம் பாடாது. பாசிட்டிவ் எர்த்துக்குன்னே கிட் கிடைக்குது, அத வாங்கிட்டுப் போறான்

அப்பா: ரேடியோவ தொட வேணாம். கார்த்தி, இத திருப்பி அனுப்பிரு

கார்த்தி: சரிப்பா. இப்பவே ரிட்டர்ன் போடுறேன்

புதூர் மாமா: புதுசு வாங்குறப்ப காயில் எத்தன ஓம்னு மீட்டர்ல பாத்துட்டு வாங்கு, பழைய 12 வோல்ட் காயில்னா 3 ஓம் பக்கம் காட்டும், 1.5 காட்டுனா தனியா ரெசிஸ்டர் வச்சு ஓடுற பெலாஸ்ட் காயில். கிட் தாங்குற ஓம் எவ்வளவுன்னு கூட வர்ற பேப்பர்ல இருக்கும், ரெண்டும் ஒத்துப் போகணும். அது வர்ற வரைக்கும் புது கண்டென்சர், புது பாயிண்ட் போட்டு ஓட்டுவோம், எங்கிட்ட பழைய ஸ்டாக் இருக்கு. பெட்ரோல் ஓஸையும் மாத்திருவோம், இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு பழைய ரப்பர் ஊறி வெடிச்சுப் போகுது. மேனிஃபோல்டுக்கு ஒட்டிப் போற பெட்ரோல் பைப்பையும் கொஞ்சம் தள்ளிக் கட்டுவோம்

கார்த்தி: பிளக் ஒயர்ல டேப் ஒட்டி நம்பர் போட்டுட்டேன் மாமா, பொறி விழுகுற வரிசைல 1 3 4 2

புதூர் மாமா: கெட்டிக்காரன். கிட் மாட்டுனாலும் பாயிண்ட் பிளேட்ட தூக்கிப் போட்ராத, கண்டென்சரோட டப்பால போட்டு டிக்கில வை. மாடியூல் போச்சுன்னா ராத்திரில எந்த ஊர்லயும் கிடைக்காது

அப்பா: மாப்ள வெரசா கிளம்பி வாங்க, கறி எடுத்தாச்சு

புதூர் மாமா: பாயிண்ட் கேப் அளக்குற பீலர் கேஜத் தேடிக்கிட்டு இருக்கேன், எங்கிட்டோ வச்சுட்டாய்ங்க. உங்க வீட்டுல இருக்கா?

மதினி: தாத்தா பொட்டில இருக்குண்ணே, நீங்க கையக் கழுவிட்டு வந்தாப் போதும்