இந்தியா–பாகிஸ்தான் எழுத்தறிவு: ஒரே வயது வரம்பில் ஒப்பிட உதவி வேண்டும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாணவர்களுக்காகத் தயாராகும் ஒப்பீட்டு அட்டவணை, எழுத்தறிவு வரியில் நின்றுவிட்டது. இந்தியா 73%: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 7 வயதிலிருந்து. பாகிஸ்தான் 60.65%: 2023, 10 வயதிலிருந்து. பன்னிரண்டு ஆண்டு இடைவெளி, வயது வரம்பும் வேறு. இரண்டையும் அருகருகே வைத்துப் பெருமை பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

உலக வங்கிப் பட்டியலைப் பார்த்தாயிற்று; அது 15 வயதிலிருந்து. 2011 கணக்கெடுப்பில் வயதுவாரியாகக் கல்வி நிலையைத் தரும் சி-8 அட்டவணையில் 7, 8, 9 வயதினரைக் கழித்தால் வரம்பு சரியாகிறது, ஆண்டு இடைவெளி அப்படியே நிற்கிறது. மிச்சமிருப்பது 2023-24 பிஎல்எஃப்எஸ் (இந்திய அரசின் தொழிலாளர் மாதிரிக் கணக்கெடுப்பு) தனிநபர் தரவு. வயது இருக்கிறது, கல்விக் குறியீடும் இருக்கிறது (01 என்றால் எழுத்தறிவற்றவர்).

அதில் 10 வயதும் மேலும் உள்ளவர்களைப் பிரித்து, மாதிரி எடையை (மாதிரியில் உள்ள ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேரைக் குறிக்கிறார் என்ற எண்) சரியாகப் போட்டு அகில இந்திய விகிதம் எடுப்பது எப்படி?