பங்குகளுக்குப் பெறுமதி என்று ஒன்று உண்டா?

கேள்வி (ஹட்டன்): பெருந்தோட்டக் கம்பனிப் பங்குகளை வாங்கி விற்கும் இளைஞர்கள் சிலர் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். கம்பனியின் விளைச்சலையோ கடனையோ பற்றிக் கேட்டால், "பெறுமதி என்பதெல்லாம் வெறும் கதை, நாளைக்கு ஒருவர் கூடிய விலைக்கு வாங்கினால் போதும்" என்கிறார்கள். 2021இல் கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறத்தாழ 80 சதவீதம் உயர்ந்த காலத்தில் வேரூன்றிய பேச்சு இது. கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளே இப்படிச் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. அவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம்?

பதில் (பண்டாரவளை): அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, ஐயா. குறுகிய காலத்தில் விலையை நகர்த்துவது, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற ஊகமே என்று பொருளியலாளர் கெயின்ஸ் 1936இலேயே எழுதினார். ஆனால் 2022 ஏப்ரலில் சந்தை ஐந்து வர்த்தக நாட்களுக்கு மூடப்பட்டபோது, அடுத்து வாங்குபவரை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு விற்கவே வழியிருக்கவில்லை.

பதில் (கண்டி): இந்த மலைகள் இதை முன்பே கண்டிருக்கின்றன. 1840களில் கோப்பி மோகம் பரவியபோது, விவசாயமே அறியாத அரச அதிகாரிகளும் இராணுவத்தினரும்கூட, விலை ஏறும் என்ற ஒரே நம்பிக்கையில் இங்கே காடுகளை வாங்கினார்கள். 1847இல் பிரித்தானியாவில் நிதி நெருக்கடி ஏற்பட்டுக் கோப்பி விலை சரிந்ததும், பல தோட்டங்கள் போட்ட பணத்தின் சிறு பங்குக்குக் கைமாறின. தென்னிந்தியாவிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த தொழிலாளர் பலருக்குச் சம்பளமே கிடைக்கவில்லை. பெறுமதி பொய் என்று சொல்பவர்கள், அந்தப் பங்குக்குப் பின்னால் உழைப்பவர்களைக் கணக்கில் சேர்க்க மறுக்கிறார்கள் என்பதே என் கருத்து.

பதில் (தலவாக்கலை): நான் அவர்களிடம் நேராகக் கணக்கையே கேட்பேன். 1992இல் தனியார் நிர்வாகத்துக்குப் போன தோட்டங்களின் நிலம் கம்பனிகளுக்குச் சொந்தமில்லை. 53 வருடக் குத்தகைகள் 2045இல் முடிகின்றன. புதிதாக நடும் தேயிலை முழுப் பலன் தரச் சில வருடங்கள் ஆகும். ஆகவே அவர்கள் பங்கு வைத்திருக்கும் கம்பனி மறுநடுகைக்கு எவ்வளவு செலவிடுகிறது, மீதியுள்ள குத்தகைக் காலத்தில் அது திரும்பி வருமா என்று ஆண்டறிக்கையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.