சாமி கும்பிடாத மூத்த மகன் கொள்ளி வைக்கலாமா?

பாலையூற்று:
திருகோணமலை டவுனுக்குப் பக்கத்தில் ஒரு சைவக் குடும்பம். மூத்த மகன் மூன்று வருசமாகக் கோயில் பக்கம் போறதில்லை. கடவுள் இல்லை எண்டு வெளிப்படையாகவே சொல்றார். தகப்பனுக்கு இப்ப வருத்தம் கடுமை. "நாத்திகன் கொள்ளி வைச்சா ஆத்மா சாந்தியடையாது" எண்டு ஒரு பக்கம், "அவன் வைக்காட்டி ஊர் என்ன சொல்லும்" எண்டு மற்றப் பக்கம். இரண்டையும் சொல்றது ஒரே சித்தப்பாதான்! அறிய வேண்டியது: கிரியை முறைப்படி அவர் நிக்கலாமா? சமயத்தை விட்டதுக்கு எங்கயாவது பதிய வேணுமா? பிறகு மனம் மாறினால் திரும்பி வர என்ன செய்யிறது?

உவர்மலை:
கொள்ளிக்குத் தேவை உரிமை. மகனுக்கு மனசுக்குள்ள என்ன இருக்கு எண்டு எந்தக் குருக்களும் சோதிச்சுப் பார்க்கிறதில்லை. சித்தப்பா சொல்ற தடையைச் சொல்லி மூத்த மகனை விலக்கி வைக்கிற வழக்கம் எங்கட பக்கத்தில் இல்லை. உண்மையான சிக்கல், அந்த மகன் எதைச் செய்யச் சம்மதிப்பார் எண்டது. அதைப் பிரேதம் முற்றத்தில் கிடக்கேக்க பேசக்கூடாது. இப்பவே பேசுங்கோ.

கிரியையைத் துண்டு துண்டாகப் பிரிச்சுப் பார்த்தால் விளங்கும். குளிப்பாட்டுறது, வாய்க்கரிசி, பாடை தூக்கிறது, குடம் உடைச்சுக் கொள்ளி வைக்கிறது, அடுத்த நாள் சாம்பல் எடுக்கிற காடாற்று எல்லாம் உடம்பால் செய்யிற வேலை. கும்பம் வைச்சு மந்திரம் சொல்லிச் செய்யிற பகுதியில்தான் நம்பிக்கை இல்லாதவருக்குக் கூச்சம் வரும். சுண்ணம் (வாசனைப் பொடி) இடிக்கேக்க திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் படிக்கிறதைப் பெரும்பாலும் ஓதுவாரோ தெரிஞ்ச பெரியவரோ செய்வினம். மகன் உலக்கையைப் பிடிச்சால் போதும். மந்திரத்தைக் குருக்கள் சொல்ல, மகன் வாய் திறக்காமல் கையால் மட்டும் செய்தால் கிரியை நிக்காது. ஆனால் அதை முதல் நாளே குருக்களுக்குச் சொல்ல வேணும். சொல்லாமல் விட்டால் "திருப்பிச் சொல்லுங்கோ தம்பி" எண்டு அவர் நாலு பேருக்கு முன்னால கேட்பார். சண்டை அங்கதான் தொடங்கும்.

குடம் விசயத்தில் ஒண்டு. இடது தோளில் தண்ணிக்குடம், மூன்று சுற்று, சுற்றுக்கொரு துளை, கடைசியில் குடத்தைப் பின்னால விட்டுட்டுத் திரும்பிப் பாராமல் கொள்ளி. இதை ஒரு தரமும் கவனிச்சுப் பார்க்காத ஆள், அந்த நேரத்து மனநிலையில் தடுமாறுவார். துளை போடுற ஆள் பக்கத்தில் நிண்டு சொல்லிக் கொடுக்கட்டும்.

அவர் ஒண்டுமே செய்ய மாட்டன் எண்டால் இளைய மகன், அதுவும் இல்லாட்டி பேரன் அல்லது பெறாமகன் நிக்கலாம். அப்படியெண்டால் எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம், ஆண்டுத்திவசம் எல்லாம் அதே ஆள்தான் கொண்டுபோறது நல்லது. ஆள் மாறி மாறிச் செய்தால் துடக்குக் கணக்கும் குழம்பும், "அண்டைக்கு ஏன் நீ நிக்கேல்லை" எண்ட கதையும் வரும். அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போறதெண்டால், வெந்நீர்க் கிணறு ஏழிலும் குளிக்கிறதை ஒரு சடங்காக எடுக்காமல் அப்பாவுக்காகப் போன பயணமாக மகன் எடுத்துக் கொள்ளலாம். இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் எண்டு ஐதீகம் சொல்ற ஊரில், மகன் போய் நிண்டாலே பாதி வாய் அடைபடும்.

சடங்கில் நிக்காத மகனுக்கு வேற வேலை நிறைய இருக்கு. வீட்டில் மரணமெண்டால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, பதிவாளரிடம் மரணப் பதிவு, மயானத்துக்கு ஒழுங்கு, பந்தல், கதிரை, சாப்பாடு. இதை முழுசாகப் பொறுப்பெடுத்தால் ஊர் "நாத்திகன்" எண்டு கதைக்கிறதை விட்டுட்டு "மூத்தவன் ஓடித் திரிஞ்சான்" எண்டு கதைக்கும்.

நொத்தாரிசு வாசல்:
கடதாசிப் பக்கத்தை நான் சொல்றன்.

இலங்கையில் ஒரு மதத்தை விட்டதைப் பதியிற அலுவலகம் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் மதம் இருக்காது. அடையாள அட்டையிலும் இல்லை. ஆகவே மாத்துறதுக்கு ஒண்டுமில்லை. 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரத்தைத் தருகுது. விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ வைச்சிருக்கவும் ஏற்கவும் உரிமை அதுக்குள்ள அடங்கும். 15ஆம் உறுப்புரையின் கட்டுப்பாடுகள் வழிபாட்டை வெளிப்படுத்துற உரிமையைத் தொடும், 10ஐத் தொடாது. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது வேற விசயம். அதே உறுப்புரை 10இன் உரிமையை உறுதிப்படுத்தவும் செய்யுது.

சத்தியக்கடதாசியில்தான் ஒரு பொறி. தட்டச்சுக்காரர் பழக்கத்தில் "இந்துவாகிய நான்" எண்டு அடிச்சு விடுவார். இந்துவும் பௌத்தரும் முஸ்லிமும் உறுதியளிக்கிறது, கிறிஸ்தவர் சத்தியம் செய்யிறது எண்டது எங்கட நடைமுறை. சத்தியம் செய்ய மனச்சாட்சி இடங்கொடாதவர் உறுதியளிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கு. ஆகவே அந்த அடைமொழியை எடுக்கச் சொல்லலாம். கவனிக்க வேண்டியது: மேல "உறுதியளிக்கிறேன்", அடியில கையெழுத்துப் பகுதியில் "சத்தியம் செய்தார்" எண்டு கலந்தால் வழக்கில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதல் ஆட்சேபமாகத் தூக்கும். இரண்டு இடத்திலும் ஒரே சொல்.

கலியாணப் பதிவுக்கு 1907இன் 19ஆம் இலக்கப் பொதுச் சட்டத்தில் சமயச் சடங்கு ஒண்டும் தேவையில்லை. பதிவாளரும் இரண்டு சாட்சியும் இருந்தால் சரி.

முகநூலில் எழுதுறது பற்றி யாரும் கேட்கேல்லை, ஆனாலும் சொல்றன். "நான் நம்பேல்லை" எண்டு எழுதுறது பிரச்சினையில்லை. மற்றவரின் சமய உணர்வைப் புண்படுத்த வேணுமெண்டே எழுதினால் தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ. அதைவிட, மத வெறுப்பைத் தூண்டுறதுக்கு 2007இன் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம், பிரிவு 3. அதில் பிடிபட்டால் பாரமான விசயம். மூன்று சமூகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மாவட்டத்தில் படத்தை வைச்சுப் பகிடி பண்ணுறது கெட்டித்தனமில்லை.

சல்லியூராள்:
உவர்மலை அண்ணா கிரியையைச் சொல்லிட்டார். சனத்தின்ர மனசை நான் சொல்றன், பாதிச் சண்டை அங்கதானே.

இங்க "சாமி இல்லை" எண்டது யாரையும் பெரிசாகப் பயப்படுத்தாது. பயப்படுத்துறது "கிறிஸ்தவச் சபைக்குப் போயிட்டானோ" எண்ட சந்தேகம். கோயிலுக்கு வராத பொடியன் வேற சமயத்துக்கு மாறிட்டான் எண்டுதான் முதல் நினைப்பினம். ஆகவே அந்த மகன் தாய்க்குச் சொல்ல வேண்டிய முதல் வசனம்: "நான் வேற ஒண்டுக்கும் மாறேல்லை அம்மா." கடவுள் உண்டா இல்லையா எண்ட விவாதத்தைத் தாயோட தொடங்கினால் அவர் தோத்தாலும் அழுவார், வென்றாலும் அழுவார்.

சைவத்துக்குள்ள இப்படியானவருக்கு எண் போட்டு ஒரு இடமே இருக்கு. சைவம் தனக்கு மிகவும் வெளியில வைச்ச புறப்புறச் சமயம் ஆறில் முதலாவது, கடவுளை ஏற்காத உலகாயதம். மறுத்து வாதிட்டிருக்கினம், ஆனால் கணக்கில் வைச்சு வாதிட்டிருக்கினம். போய் வந்த கதைக்கும் குறைவில்லை. அப்பர் சமணத்தில் தருமசேனராக இருந்துட்டுத் திரும்பினவர். சூலை நோயோட வந்தவருக்கு அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்தாரே தவிர "நான் அப்பவே சொன்னனே" எண்டு தொடங்கேல்லை. எங்கட வீட்டுச் சித்தப்பாமாருக்கு இந்தப் பகுதி மட்டும் மறந்துபோகும்.

திரும்பி வாறதுக்குச் சைவத்தில் தனிச் சடங்கு இல்லை. தீட்சை எடுத்த பிறகு நித்தியகருமத்தை (நாளாந்த வழிபாட்டு நியமத்தை) விட்டவரெண்டால் மட்டும் தன்ர குருவிடம் பரிகாரம் கேட்கட்டும். மற்றவர் குளிச்சுப் போய்க் கும்பிட்டால் முடிஞ்சுது. எங்க பிழைக்குதெண்டால்: தேர், தீர்த்தம் போன்ற நாளில் முதல் தரம் போறது. ஊரே நிண்டு பார்க்கும், "பாத்தியா, வந்திட்டான்" எண்ட ஒரு சொல்லோடு ஆள் பழையபடி வீட்டை. வெறும் செவ்வாய்க்கிழமைக் காலமையில் கோணேசர் மலையில் ஏறுங்கோ, அல்லது பத்திரகாளி அம்மன் கோயிலில் சனமில்லாத நேரம். இன்னொண்டு, வருத்தத்துக்குப் பயந்து நேர்த்தி வைச்சுத் திரும்பாதேங்கோ. வருத்தம் மாறாட்டி நம்பிக்கை இரண்டாந் தரமும் உடையும், அது முதல் உடைவை விடக் கசப்பு.

கொட்டியாரம்:
மற்றச் சமயத்தாரும் இதை வாசிக்கக்கூடும். கத்தோலிக்கத்தில் ஞானஸ்நானம் ஒருக்காத்தான். விட்டுட்டு வந்தாலும் திரும்பக் கொடுக்கிறதில்லை, பாவசங்கீர்த்தனம் போதும். 2009க்குப் பிறகு "முறைப்படி விலகினேன்" எண்ட காரணத்தால் திருமண விதியில் சலுகையும் இல்லை. விசுவாசத்தை வெளிப்படையாக விட்டவரைக் கோயிலில் கலியாணம் முடிக்கிறதெண்டால் பங்குத்தந்தை ஆயரின் அனுமதி எடுக்க வேணும், ஆகவே நாள் குறிக்க முதல் பங்குத்தந்தையைப் பாருங்கோ.

முஸ்லிம் வீடுகளில் விசயம் பாரம். மார்க்கத்தை விட்டது நாட்டுச் சட்டத்தில் குற்றமில்லை. ஆனால் திருமணம் 1951 முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டத்தாலும், மரணசாசனமில்லாத சொத்து 1931இன் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தாலும் ஆளப்படும். மார்க்கத்தை விட்ட பிள்ளையின் பங்கை மற்றவை கேள்வி கேட்கலாம். பெற்றோர் கொடுக்க விரும்பினால் உயிரோடு இருக்கேக்கயே நன்கொடை உறுதி முடிக்கிறது பாதுகாப்பு. மறுபக்கம், இரண்டாங் கலியாணத்துக்காக மட்டும் மதம் மாறுறது எடுபடாது. முதல் கலியாணம் பொதுச் சட்டத்தில் இருக்கும் வரை இரண்டாவது செல்லாது எண்டு உயர் நீதிமன்றம் தீர்த்திட்டுது.

பாலையூற்று:
எல்லாருக்கும் நன்றி. குருக்களிட்ட முதலே சொல்றது நல்ல யோசனை. இன்னொண்டு: அந்த மூத்த மகன்ர மகள் ஆறாம் ஆண்டுக்கு வாறா. சமய பாடம் வேண்டாமெண்டு எழுதிக் கொடுக்கலாமா?

நொத்தாரிசு வாசல்:
ஓ.எல். (க.பொ.த. சாதாரண தர) பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். சைவநெறி, பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம். இதில் ஒண்டை எடுக்க வேணும், "ஒண்டும் இல்லை" எண்டு ஒரு பெட்டி இல்லை.

சல்லியூராள்:
சைவநெறியிலேயே விடச் சொல்லுங்கோ. பாதிக்கு மேல தேவாரமும் புராணக் கதையும், தமிழ் பாடத்துக்கும் உதவும். காலமைப் பிரார்த்தனையில் மற்றப் பிள்ளைகளோட எழும்பி நிண்டால் சரி, பாடுறதும் விடுறதும் அவவின்ர விருப்பம். தகப்பன் வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்து விவாதம் வைக்காமல் இருந்தால், பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழாது.