கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டோடு பார்க்க: ஹோம் அலோனா, எல்ஃபா?

கடைசிவரிசை:
அக்கா குடும்பமும் நாங்களும் ஒரு வாரம் ஒரே வீட்டில் இருக்கப்போகிறோம். ஐந்து வயதிலிருந்து எழுபது வரை ஒன்பது பேர். எல்லாரும் சேர்ந்து சிரிக்க ஒரு கிறிஸ்துமஸ் படம் வேண்டும். என் ஓட்டு 1990இல் வந்த ஹோம் அலோனுக்கு. பாரிஸ் கிளம்பும் அவசரத்தில் எட்டு வயது கெவினை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அவன் தனியாளாக இரண்டு திருடர்களைச் சமாளிக்கிறான். அக்காவோ 2003இல் வந்த எல்ஃப்தான் என்கிறாள். வட துருவத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பொம்மைப் பட்டறையில் வளர்ந்த ஒருவன், பெற்ற அப்பாவைத் தேடி நியூயார்க் வரும் கதை. எதைப் போடலாம்?

மழைமேகம்:
ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறதென்றால் ஹோம் அலோன் வேண்டாம். கடைசியில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கெவின் வைக்கும் பொறிகளில் திருடர்கள் மாட்டுகிறார்கள்: இஸ்திரிப்பெட்டி முகத்தில் விழுகிறது, வெறுங்காலில் ஆணி ஏறுகிறது, திருடனாக வரும் ஜோ பெஷியின் தலையில் தீப்பிடிக்கிறது. அவர்கள் எழுந்து நடப்பார்கள் என்று நமக்குத் தெரியும், சிரிக்கிறோம். குழந்தைக்குத் தெரியாது. என் மகன் படம் பார்த்த மறுநாள் மாடிப்படியின் அடியில் பொம்மைக் கார்களைப் பரப்பி வைத்தான், கெவின் செய்தது போலவே. இறங்கி வந்த மாமனார் கைப்பிடியை எட்டிப் பிடித்ததால் பிழைத்தார். அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் அந்தப் படத்தை நாங்கள் போடவில்லை.

கடைசிவரிசை:
படிக்கவே பதறுகிறது சகோதரி. ஆனால் படம் 103 நிமிடம். பொறிகள் எல்லாம் கடைசிப் பகுதியில்தான். எல்லாரும் அதையே பேசிப் பேசி, படத்தின் உயிரான காட்சியை மறந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லியைக் கொலைகாரர் என்று அண்ணன் சொல்லி வைத்திருக்கிறான், கெவினும் அவரைக் கண்டாலே ஓடுகிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு தேவாலயத்தில் அவரே வந்து பக்கத்தில் உட்காருகிறார். பாடகர் குழுவில் நிற்கும் பேத்தியின் பாட்டைக் கேட்க வந்திருக்கிறார், மகனோடு பேச்சுவார்த்தை இல்லை. அவனைக் கூப்பிட்டுப் பேசுங்களேன் என்று எட்டு வயதுப் பையன் சொல்கிறான். பேசமாட்டேன் என்றுவிட்டால்? என்று பெரியவர் பயப்படுகிறார். எங்கள் வீட்டிலும் பல வருஷம் பேசாமல் இருந்த இரண்டு பேர் உண்டு. அந்தக் காட்சி ஓடும்போது அவர்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இரவல்வட்டு:
அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே அப்பா, மகன் விஷயத்தை எல்ஃப் படம் முழுக்கச் சொல்கிறது, யாரையும் அடிக்காமல். ஜேம்ஸ் கான் நடித்த அந்த அப்பா குழந்தைகள் புத்தகம் போடும் பதிப்பாளர். ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கம் விட்டுப்போகிறது. எந்தக் குழந்தை கவனிக்கப்போகிறது என்று அப்படியே கடைக்கு அனுப்பச் சொல்கிறார். அவர் எப்படிப்பட்ட அப்பா என்பதற்கு இதற்குமேல் வசனம் தேவையில்லை. இன்னொன்று: நாயகன் வில் ஃபெரல் அந்தப் பட்டறையில் பூதம் போலத் தெரிவது பெரும்பாலும் கணினி வேலை இல்லை. சிறிதும் பெரிதுமாக இரண்டு அளவில் செட் போட்டு, அவரைக் கேமராவுக்குப் பக்கத்திலும் மற்றவர்களைத் தள்ளியும் நிறுத்தி எடுத்திருக்கிறார் இயக்குநர் ஜான் ஃபாவ்ரோ. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள்.

கடைசிவரிசை:
எல்ஃபில் மட்டும் நெருடல் இல்லையா? நாயகி குளிக்கும்போது நாயகன் பெண்கள் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு கூடப் பாடுகிறான். குடித்துவிட்டு ஆடும் காட்சியும் உண்டு. அமெரிக்காவில் இரண்டு படத்துக்கும் பிஜி சான்றுதான், அதாவது பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கச் சொல்வது.

மழைமேகம்:
குளியல் காட்சி எனக்கும் பிடிக்காது. ஆனால் அதைப் பார்த்து யாரும் படியில் கார் வைப்பதில்லை. எனக்குக் கணக்கு அவ்வளவுதான்.

பேத்தியோடுநான்:
அறுபத்தெட்டு வயதுக்காரி சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் எல்லாரும் பையனையும் திருடர்களையும் பார்க்கிறீர்கள். நான் ஹோம் அலோனில் அந்த அம்மாவைத்தான் பார்ப்பேன், கேத்தரின் ஓ'ஹாரா. விமானத்தில் பாதி வழியில் "கெவின்!" என்று எழுவாளே, பிள்ளை பெற்ற யாருக்கும் அந்த நிமிடம் வயிறு கலங்கும். காதில் கிடந்த தோட்டைக்கூடத் தருகிறேன் என்று கெஞ்சி இன்னொருவரின் இருக்கையை வாங்குகிறாள். கடைசியில் முன்பின் தெரியாத இசைக் குழுவின் வண்டியில் இரவெல்லாம் வருகிறாள். அப்படி வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் எல்லாரும் உள்ளே நுழைகிறார்கள், அவள் காத்திருக்க மறுத்த அதே காலை விமானத்தில் வந்து. அவள் பட்ட பாடு வீணா? இல்லவே இல்லை. அவன் கண் விழித்துத் தேடி ஏமாந்த அந்தக் காலையில் முதலில் வந்து நின்றவள் அவள். என் பேத்திக்கு ஆறு வயது. ஆணி வரும்போது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள், அம்மா வரும்போது நிமிர்வாள். மடியில் உட்கார வைத்துப் பார்த்தால் ஒன்றும் ஆகாது.

மழைமேகம்:
அம்மா, உங்கள் மடி எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், குழந்தை தரையில் தனியாக உட்கார்ந்து பார்க்கும். என் வீட்டில் அதுதான் நடந்தது.

கடைசிவரிசை:
அது சரியான பேச்சு. முதல் இரவு எல்ஃப், அக்கா ஜெயித்தாள். ஹோம் அலோனை இரண்டாம் நாள் போடுகிறேன், சின்னவளை என் மடியில் வைத்துக்கொண்டு. ஆணியையும் தீயையும் காட்டாமல் வேகமாக ஓட்டிவிடுகிறேன். சிலந்தியை மட்டும் ஓட்டமாட்டேன், இன்னொரு திருடனாக வரும் டேனியல் ஸ்டெர்ன் முகத்தில் ஊர்வது நிஜ டரான்டுலா, பெரிய மயிர்ச் சிலந்தி.

மழைமேகம்:
இஸ்திரிப்பெட்டியையும் ஓட்டுங்கள்.